கடைசியாக எப்போது பேசியது?

கைகள் இரண்டையும் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, ஒரு கணினியின் முன்னால் ஒரு மணி ஐந்து நிமிடம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் முழுவதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட அடி, என் மகனுக்குப் பரீட்சை முடிவு வந்த அன்றுகூட அடித்ததில்லை. அது ஒரு வைகாசி வெள்ளிக்கிழமை. தொடங்கியது காலை பதினொன்று முப்பது, முடிந்தது பன்னிரண்டு முப்பத்தைந்து. எதற்கும் மணி பார்த்து எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இந்த இரண்டு நேரங்களையும் நோட்டைத் திறக்காமலே சொல்வேன்.

நான் கம்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதிவேட்டு எழுத்தர். எங்கள் தலைமை மருத்துவமனை தேனியில். ரத்த வங்கியும் அங்கேதான். எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று எங்கள் திரையில் தெரியும். வேண்டியதை இங்கே குறித்தால் அங்கே வண்டி கிளம்பிவிடும். அந்தப் புரோகிராமை எழுதியவர்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பெண். தேனியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை. சொந்த ஊர் மார்க்கையன்கோட்டை, நெல் போடுகிற குடும்பம். வயது முப்பதை ஒட்டி இருக்கும். கைக்கடிகாரத்தை வலக்கையில், முகப்பு உள்பக்கம் வருமாறு கட்டியிருப்பார். பேசும்போதே உள்ளங்கையைத் திருப்பி மணி பார்த்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் நின்றுபோனால் முதலில் ஒரு தட்டு தட்டுவோம். மின்விசிறி ரெகுலேட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், எடை மிஷின், எதுவானாலும் சரி. தட்டினால் ஓடும், ஓடினால் போய்விடுவோம். அவருக்கு இது ஆகவே ஆகாது. "சரியாப் போச்சு" என்று யாராவது சொன்னால் முகம் கோணிவிடும்.

"எதனால சரியாச்சு?"

"தட்டுனேன், ஓடுது."

"அப்ப நாளைக்கு நீங்க இல்லாதப்ப நிக்கும். சரியாகலண்ணே. ஒளிஞ்சுக்கிருச்சு."

அவர் வீட்டுக் கிணற்று மோட்டார் கதையை அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பத்து நாளாக மோட்டார் நினைத்தபோது நின்றது. அப்பா ஸ்டார்ட்டர் பெட்டியைத் தட்டுவார், ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று மகள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மோட்டார் நின்றது. பயிர் காய்கிறது என்று அப்பா கத்துகிறார். "நின்னுருச்சுப்பா! நின்னுருச்சு!" என்று இவர் கை தட்டிக் குதித்திருக்கிறார். பெட்டியைத் திறந்தால் உள்ளே, மின்சாரம் பாயும் இடத்தில், செத்துக் காய்ந்த ஒரு பல்லி. தட்டும்போதெல்லாம் அது இடம் நகர்ந்து கொடுத்திருக்கிறது.

"அப்பா அன்னைக்குப் பூரா என்னைய வஞ்சுக்கிட்டே இருந்தாக. ஆனா பெட்டியத் தட்டுறத விட்டுட்டாக."

ஒரு பொருள் தன் கண் முன்னால் பழுதாவதைக் கண்டால் கை தட்டுவார். சரியாக ஓடினால் தட்ட மாட்டார். அவரைப் பற்றி ஒரே வரி எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன்.

எங்கள் திரைக்கும் ஒரு நோய் இருந்தது. சில நேரம், பட்டியலைக் கேட்டால் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கால் மணி கழித்து, இணைப்பு அறுந்துவிட்டது என்று சிவப்பில் ஒரு வரி வரும். மறுபடி திறந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கணவாயிலிருந்து வருகிற காற்று கம்பியை ஆட்டுகிறது என்றார் வாட்ச்மேன். வேலைப் பளு தாங்கவில்லை என்றார் மேனேஜர். முன்பு வந்த ஒரு டெக்னீசியன் மட்டும் கைவைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்: "அப்பப்ப ஒரு என்டர் தட்டி விடுங்க, விழாது." தட்டுவதுதான் எங்களுக்குக் கைவந்த கலையாயிற்றே! அந்த அறையைக் கடக்கிற எல்லோரும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனோம். தரை துடைக்கிற ஆயாம்மா முழங்கையால் தட்டுவார். என்டர் கட்டையின் எழுத்தே அழிந்துபோனது.

சித்திரையில் வீரபாண்டிக் கோயில் திருவிழாவின் முதல் செவ்வாய் அன்று பாதி ஊழியர்கள் விடுப்பு. மதியம் ஒன்று நாற்பதுக்குப் பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு ரத்தப் போக்கு நிற்கவில்லை. குமுளிப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் சிஸ்டர் திரைக்கு ஓடி வந்து பட்டியலைக் கேட்டார். சக்கரம் சுற்றியது. இதோ வரும், இதோ வரும் என்று அவர் நின்றுவிட்டார். பிறகுதான் போனை எடுத்தார். நடுவில் போனது பதினொரு நிமிடம். ரத்தம் வந்து சேர்ந்தது. தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. ஆனால் அந்தப் பதினொரு நிமிடத்தை என் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை அவரை வரவழைத்தார்கள். நடையில் நிறுத்தி வைத்தே மேனேஜர் சொன்னார்: "சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள சரியாகலன்னா கழட்டிருவோம். பழையபடி போனும் நோட்டும். உங்க ஆபீஸ்லயும் சொல்லிட்டேன், உங்களுக்கும் வேற வேலை பாத்துக்கச் சொல்லிருவாங்க."

"பதினோரு நிமிசம்னு யாரு எழுதி வச்சது?" என்று அவர் கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

என் நோட்டை அவர் படித்த வேகத்தை வேறு யாரிடமும் கண்டதில்லை. பங்குனியிலிருந்து திரை விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கிழமை, மணி, காத்திருந்த நிமிடம் இருந்தது. பெருமையோடு நின்றேன்.

"அண்ணே, எப்ப விழுந்துச்சுன்னு அழகா எழுதியிருக்கீக. அதுக்கு முன்னாடி கடைசியா எப்ப பேசுச்சு?"

"யாரு?"

"மிஷினு. கடைசியா எப்ப பட்டியல் கேட்டீக?"

அது என் நோட்டில் இல்லை. பழைய ராஜாக்கள் காலத்துக் குறிப்புகள் முதல் வெள்ளைக்காரன் எழுதிய ஜில்லாக் குறிப்புகள் வரை தேடித் தேடிப் படித்தவன் நான். நடந்ததைத்தான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஒன்றும் நடக்காமல் கிடந்த நேரத்தை எழுதி வைக்க எனக்கும் தோன்றவில்லை.

அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனார். திடீரென்று உள்ளங்கையால் மேசையில் ஒரு அடி.

"திருவிழாச் செவ்வாய்க்கு ஆறு தடவ விழுந்திருக்கு! ஆளே இல்லாத அன்னைக்கு ஆறு தடவ! கூட்டம் நெரியிற சந்தை நாள்ல ஒண்ணுகூட இல்ல. வேலை ஜாஸ்தியாகி விழலண்ணே, இது சும்மா கிடந்து விழுது. சித்திரையில ஏது காத்து? காத்துமில்ல, மழையுமில்ல!"

கண்கள் அப்படி மின்னின. எத்தனை நிமிடம் சும்மா கிடந்தால் விழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். செவ்வாய் காலை முதல் அவர் தேனியில் தகவல்கள் இருக்கும் பெரிய கணினியின் பக்கம் உட்கார்ந்து பார்ப்பார். இங்கே யாரும் அந்தக் கணினியைத் தொடக்கூடாது. ரத்தம் வேண்டுமென்றால் நேராகப் போன். திரையின் மேல் ஒரு தாள் ஒட்டினார்: "தொடாதீர்கள்." அடியில் இரண்டு கோடு.

செவ்வாய் முழுவதும் விழவில்லை. புதனும் விழவில்லை. புதன் மாலை போனில் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணே, யாருமே தொடலைல்ல?"

"தொடலம்மா."

"ஆனா அங்கன இருந்து கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. நான் எழுதாத ஏதோ ஒண்ணு என் புரோகிராம்ல இருந்து பேசுது. ராவும் பகலும் தேடிட்டேன், காணல."

நான் "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். யாரும் தொடவில்லை என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய்யோடு வியாழக்கிழமையும் போனது.

வெள்ளி காலை ஒன்பதே முக்காலுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் தேனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக உள்ளே வந்தார். கையில் ஒரு நீளத் தாள், தேனிக் கணினிக்குக் கேள்வி வந்த நேரங்களோடு. நடையின் நடுவில் நின்று உரக்கப் படித்தார்.

"புதன்கிழமை. பத்து ஏழு. பத்து இருபத்தொண்ணு. பத்து முப்பத்தெட்டு. பத்து நாப்பத்தொம்பது. பதினொண்ணு ரெண்டு. நடுவுல பதினாலு நிமிசம், பதினேழு, பதினொண்ணு, பதிமூணு. மிஷின் பேசுனா பத்து, பத்து, பத்துன்னு ஒரே சீராப் பேசும். இது மனுசர் பேசுறது. யாரு பத்து ஏழு?"

ஆயாம்மா மாப்பைச் சுவரில் சாய்த்தார்.

"நாந்தாத்தா. தொடைக்கையில லேசா ஒரு தட்டு."

"பத்து இருபத்தொண்ணு?"

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். "தண்ணி குடிக்க வந்தேன்."

"தண்ணிக் குடம் அந்தக் கோடியில இருக்கு!"

"சுத்திக்கிட்டு வந்தேன்."

பத்து முப்பத்தெட்டு சிஸ்டர். நாற்பத்தொன்பது லேப்காரர். பதினொன்று இரண்டுக்கு நான் என் நோட்டைத் திறந்து அவரிடம் நீட்டினேன். ஒவ்வொரு தட்டும் அதில் இருந்தது, அவர் தாளில் உள்ள அதே நிமிடங்களோடு. கடைசி வரி: "11.02, நான்."

"ஏண்ணே?" என்றார். கோபம்கூட இல்லை, திகைப்பு.

ஆயாம்மாதான் பதில் சொன்னார். "மேனேசர் அன்னைக்கு இங்கன நின்னு கத்துனாகள்ல, நாங்க கேட்டுக்கிட்டுத்தான இருந்தோம். நீ தேனில கண்ணு வச்சுப் பாத்துக்கிட்டிருக்க. உன் கண்ணு முன்னாடி இது விழுந்தா உன் பொழப்பும் விழுந்துரும்ல? சனிக்கிழமை வரைக்கும் விழாமத் தாங்கிப் பிடிச்சுட்டா, சரியாப் போச்சுன்னு விட்டுருவாகன்னு நெனச்சோம். ஆளு மாத்தி ஆளு பேசி வச்சுக்கிட்டுத்தான் தட்டுனோம்."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, துப்பட்டாவால் துடைத்தார், மறுபடி சிரித்தார்.

"ஏ ஆயாம்மா! அது விழுந்தாத்தான் என் பொழப்பு நிலைக்கும்! ரெண்டு ராத்திரி பேயி புடிச்சிருக்குன்னு நெனச்சேன் அந்தப் புரோகிராம!" உள்ளங்கையைத் திருப்பி மணி பார்த்தார். "சரி. எல்லாரும் வாங்க. இன்னைக்கு இங்கனயே உக்காருறேன். ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது."

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை தொடங்கியது. பத்து பத்துக்குக் கடைசித் தட்டு. முப்பது நிமிடம் சும்மா விட்டு, பத்து நாற்பதுக்குத் தட்டினார். பட்டியல் பளிச்சென்று வந்தது. ஐம்பது நிமிடம் விட்டு, பதினொன்று முப்பதுக்குத் தட்டினார். வந்தது. "பாத்தியா, விழல" என்று ஆயாம்மா சந்தோஷப்பட, அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றாவது ஆட்டம் ஒரு மணி ஐந்து நிமிடம். தேனியில் அவரோடு வேலை பார்க்கும் பெண் போனிலேயே இருந்தார், ஸ்பீக்கரில். வாசலில் நாங்கள் எட்டுப் பேர். ஓ.பி.யில் சீட்டு வாங்கக் காத்திருந்த இரண்டு பேரும், என்ன நடக்கிறதென்று தெரியாமலே, வந்து சேர்ந்துகொண்டார்கள். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் ஆயாம்மாவின் கை தானாக முன்னே போயிற்று. வாட்ச்மேன் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "ஏத்தா, கையக் கட்டு!" ஆயாம்மா இரண்டு கையையும் கட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். ஐம்பத்தொன்பது. அறுபது. யாரோ மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம்கூடக் கேட்டது. அறுபத்தைந்து. அவர் துப்பட்டாவிலிருந்து ஒரு விரலை மட்டும் வெளியே எடுத்துத் தட்டினார்.

சக்கரம் சுற்றியது. பத்து நொடி. இருபது. முப்பது.

"அங்கன ஏதாவது வந்துச்சா?"

"இல்லக்கா. ஒண்ணும் வரல. இங்க நீங்க இன்னும் லைன்ல இருக்கீகன்னுதான் காட்டுது."

"இங்கனயும் அப்படித்தான் காட்டுது!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். "ரெண்டு பேரும் லைன்ல இருக்கோம், நடுவுல ஆளக் காணோம்! விழுந்திருச்சு! விழுந்திருச்சு!"

கை தட்டினார். ஆயாம்மா தட்டினார், சிஸ்டர் தட்டினார், சீட்டுக்கு வந்தவர்களும் தட்டினார்கள். சத்தம் கேட்டு மேனேஜர் மாடியிலிருந்து ஓடி வந்தார்.

"என்ன, சரியாயிருச்சா?"

"இல்ல சார்!" என்றார் வாட்ச்மேன், பல்லெல்லாம் தெரிய. "விழுந்திருச்சு!"

மேனேஜர் எங்கள் கைகளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேனேஜருக்கும் எங்களுக்கும் சேர்த்து அன்று அந்தப் பெண் விளக்கியது இது. இங்கிருந்து தேனிக்குப் போகிற வழியில், தேனிக் கணினியின் வாசலில், ஃபயர்வால் என்று ஒரு காவல் பெட்டி இருக்கிறது. யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அது ஞாபகம் வைத்திருந்துதான் உள்ளே விடும்.

"நம்ம வாட்ச்மேன் அண்ணன்னு வச்சுக்கங்க. சாப்பாடு கொண்டு வர்ற பொம்பளயோட மூஞ்சிய ஞாபகம் வச்சு விடுறாரு. ஒரு மணி நேரம் அவ போகல, வரல. அண்ணன் மறந்துட்டாரு. மறந்துட்டேன்னு யாருட்டயும் சொல்லவுமில்ல. அப்புறம் அவ வந்து கூப்புடுறா, இவரு விடவும் மாட்டேங்கிறாரு, போன்னு சொல்லவும் மாட்டேங்கிறாரு, சும்மா நிக்காரு. அவ வெளிய காத்துக்கிட்டே இருக்கா. உள்ள இருக்கவுக, அவ வருவான்னு காத்துக்கிட்டு இருக்காக."

"நான் எப்பத்தா மறந்தேன்?" என்றார் வாட்ச்மேன், நிஜமாகவே மனம் வருந்தி.

"உங்களச் சொல்லலண்ணே, அந்தப் பெட்டியச் சொல்றேன். சும்மா இருந்தாலும் 'இருக்கியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிற வழக்கம் மிஷினுக்கும் உண்டு. ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காத்தான் கேக்கும். ஒரு மணியில மறக்குற ஆளுகிட்ட ரெண்டு மணிக்கு ஒருக்கா கேட்டு என்னத்துக்கு ஆகும்? பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கேக்கச் சொல்லிருவோம். ஆயாம்மா செஞ்ச அதே வேலைதான். இது தூங்காது, லீவு போடாது, திருவிழாவுக்குப் போகாது."

மாற்றியது ஒரே ஓர் எண். அன்று மாலையே முடிந்தது. ஆனால் "சரியாப் போச்சு" என்று அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை வந்து இரண்டரை மணி நேரம் யாரையும் தொட விடாமல் உட்கார்ந்தார். தட்டினார். பட்டியல் உடனே வந்தது. மேனேஜர் தலையாட்டிவிட்டு மேலே போனார். இவர் கை தட்டவில்லை. "திருவிழா அன்னைக்குப் பாக்கணும்ணே. ஆளில்லாதப்ப ஓடணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மதியப் பஸ்ஸில் ஏறினார்.

ஆயாம்மாவுக்குத்தான் கொஞ்ச நாள் கை ஊறியது. அறையைக் கடக்கும்போதெல்லாம் முழங்கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு போவார். என் நோட்டில் ஒரு கட்டம் கூடியது: கடைசியாக எப்போது பேசியது? அதற்குப் பக்கத்தில் பழைய கட்டம்: காத்திருந்த நிமிடம்.

அடுத்த சித்திரைக்குள் அவர் கோயம்புத்தூரில் பெரிய வேலைக்குப் போய்விட்டார். திருவிழாவின் முதல் செவ்வாய் வந்தது. அதே போல் பாதிப் பேர் விடுப்பு, அதே போல் வெறிச்சோடிய நடை. மதியம் பிரசவ அறையிலிருந்து சிஸ்டர் ஓடி வந்தார், அதே சிஸ்டர். நான் நோட்டோடு எழுந்து நின்றேன். அவர் விரல் கட்டையைத் தொட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் பட்டியல் திரையில் இருந்தது. சிஸ்டர் இரண்டு பையைக் குறித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டார். தேனியில் வண்டி கிளம்பிய தகவலும் வந்துவிட்டது. காத்திருந்த நிமிடம் என்ற கட்டத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

தாயும் குழந்தையும் நலம் என்று தெரிந்த பிறகு கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். விவரம் எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"கடைசியா எப்பண்ணே பேசுச்சு?"

"பத்து ஐம்பத்தாறு. அதுக்கப்புறம் ஒருத்தரும் தொடல. நானும் தொடல, சத்தியமா. சிஸ்டர் தட்டுனது ரெண்டு பத்து. மூணு மணி பதினாலு நிமிசம் சும்மா கிடந்திருக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மறுபடி காதில் வைத்தபோது, பெரிய அலுவலகத்தின் நடுவில், சுற்றியிருக்கிறவர்களைப் பற்றிக் கவலையே இல்லாமல், அவர் கை தட்டிக்கொண்டிருந்தார்.